பிள்ளைகளின் இலக்குகளை மைக்கில் வாசிக்காதீர்கள்: சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கனம் ஆயர் ஐயா அவர்களுக்கும், குருசேகரக் குழுவின் செயலாளர், பொருளாளர், அங்கத்தினர்கள் அனைவருக்கும்,

சென்ற ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வேளையில் வாசிக்கப்பட்ட சுற்றறிக்கையைக் குறித்து இதை எழுதுகிறேன். திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு அங்கத்தினரானவர்கள் முதல் 30 வயது வரையுள்ள வாலிபர் அனைவரும் ‘விசுவாச இலக்கு அட்டை’யை நிரப்பி டிசம்பர் மூன்றாம் ஞாயிறுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும், டிசம்பர் 31 இரவு விழித்திருப்பு ஆராதனையில் அவை பெயர் சொல்லி வாசிக்கப்படும் என்றும், முடிகிற ஆண்டின் அட்டைகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்ற பட்டியலும் அதே இரவில் அறிவிக்கப்படும் என்றும் அதில் சொல்லப்பட்டது. இதுவரை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்த ஏற்பாடு இவ்வாண்டு முதல் கட்டாயமாகிறது. அட்டை கொடாதவருக்கு வாலிபர் ஐக்கியத் தேர்தலில் வாக்கு இல்லையாம். இதே பொருளில் செயலாளரிடம் நான் நேரில் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாகச் சுற்றறிக்கைதான் வந்தது. ஆகவே எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

ஞாயிறு வேதபாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் மூத்த வகுப்பை நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறேன். பிள்ளைகள் இலக்கு வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிக்கொண்டு விண்ணப்பத் தேதியைத் தவற விடுகிற பிள்ளையை நான் வகுப்பிலேயே கண்டித்திருக்கிறேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்பு உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரே லூக்கா 14இல் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் விசுவாசத்தின் வேலைதான் என்று அந்தப் பகுதியை வைத்தே பாடம் நடத்துகிறேன். என் முறையீடு, அந்தக் கணக்கை யார் கையில் கொடுக்கிறீர்கள், எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பற்றியது.

அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரோஸ் நிறம். தலைப்பில் எரேமியா 29:11. கீழே ஐந்து கட்டங்கள்: படிப்பு, வேலை, எதிர்பார்க்கும் மாதச் சம்பளம், திருமணம், நிறைவேறினால் செலுத்துவதாக நேர்ந்துகொள்ளும் பொருத்தனைக் காணிக்கை. ஐந்தில் ‘கட்டாயம் நிரப்பவும்’ என்று நட்சத்திரக் குறி போட்டிருப்பது கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே. ஆண்டு முடிவில் ஒவ்வோர் அட்டையின் மீதும் ஊதா மையில் ‘நிறைவேறியது’ அல்லது ‘நிறைவேறவில்லை’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தப்படுகிறது. அந்த ஸ்டாம்ப் யாருடைய யோசனை என்பது எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் கோப்பையும் முடித்து வைக்காமல் தூங்க மாட்டார். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை கோப்பு அல்ல.

சென்ற விழித்திருப்பு ஆராதனையில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மேடையிலிருந்து பார்த்தீர்கள்; நான் பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பார்த்தேன். சத்துவாச்சாரியிலிருந்து வரும் என் வகுப்பு மாணவி ஒருத்தி முந்தைய ஆண்டு அட்டையில் ‘எம்.பி.பி.எஸ்.’ என்று எழுதியிருந்தாள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ள வேலூரில் பிறந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, கொஞ்சம் நன்றாகப் படித்தால் போதும், அதைத்தான் எழுத வேண்டும் என்று நாமெல்லாரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். நீட் தேர்வில் அவளுக்குப் போதிய மதிப்பெண் வரவில்லை. அவள் பெயரும், எழுதிய இலக்கும், ‘நிறைவேறவில்லை’ என்ற சொல்லும் மைக்கில் வந்தன. அதோடு விட்டிருக்கலாம். ‘விசுவாசக் குறைவினால் வாக்குத்தத்தத்தை இழந்தவர்கள் இந்தப் புதிய ஆண்டில் உபவாசித்து ஜெபிக்க வேண்டும்’ என்று வாசித்தவர் தம் சொந்தச் சொல்லையும் சேர்த்துக் கொண்டார். நள்ளிரவு மணி அடித்து எல்லாரும் கை குலுக்கிக் கொண்டிருந்தபோது அவளும் அவள் தாயும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். ஜனவரியில் நான் வீட்டுக்குப் போனபோது அந்தத் தாய் சொன்னது இதுதான்: ‘மார்க்கு போனா போவுது டீச்சர், அடுத்த வருசம் எழுதிக்கலாம். மைக்குல பேரப் படிச்சாங்களே, அதத்தான் தாங்க முடியல.’ அந்தப் பெண் இன்று பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். நம் ஆலயத்துக்கு மட்டும் வருவதில்லை.

இன்னொரு பிள்ளையின் காரியத்தையும் சொல்ல வேண்டும். அவன் தகப்பனார் ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் வேலை பார்த்து உடம்பு கெட்டு வீட்டில் இருக்கிறார். பையன் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். வேலை என்ற கட்டத்தில் ‘அப்பா வாங்கிய வட்டிக் கடனை அடைக்க வேண்டும், தங்கையைப் பிளஸ் டூ முடிக்க வைக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தான். ‘இது குடும்பப் பிரச்சினை, ஜெபக்குறிப்புப் பெட்டியில் போடு; இலக்கு என்றால் பெரிதாக எழுது’ என்று அட்டை அவனிடமே திரும்பி வந்தது. கொட்டை எழுத்தில் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அதே வாக்கியத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதலாமா என்று என்னிடம் கேட்டான். தன் ஜனத்தை, விசேஷமாகத் தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்த அளவுகோலை வைத்தால் அந்த ஆண்டு வந்த அட்டைகளில் அவனுடையதற்கு மேலான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இலக்கு நிறைவேறியதற்கென்று கொடுத்த கேடயம் யாருக்குப் போயிற்று என்பதும் பலருக்குத் தெரியும். பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ‘அரசு வேலை’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்த வாலிபருக்கு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெயர் சொல்லி வாசிப்பார்கள் என்றால் மனிதன் கைக்கு எட்டியதைத்தான் எழுதுவான். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போகும் நம் சபைப் பெண்களில் சிலர் அட்டையே வாங்கவில்லை. சம்பளக் கட்டத்தில் எழுதும் தொகையைக் கேட்டுப் பின்பெஞ்சில் சிரிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் அட்டையின் தலைப்பில் அச்சடித்திருக்கும் வசனத்துக்கு வருகிறேன். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்பது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபத்தில் உள்ளது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்று சொல்கிறது. அதாவது அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதைக் கண்ணால் காணப் போவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த நிருபம் கொடுக்கும் வேலை என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்பதே. அன்றாடம் செய்யக்கூடிய, அக்கம்பக்கத்தாருக்கும் பிரயோஜனமான, முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளாத இலக்குகள் அவை. அந்த அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து, அதன் கீழ் மாதச் சம்பளம் என்று கட்டம் போட்டு, 12 மாதத்தில் தணிக்கை செய்வதற்கு அந்த நிருபத்தில் எங்கும் இடமில்லை.

விசுவாசி போடும் திட்டத்தைக் குறித்து வேதம் அதிகம் பேசுகிறது, ஐயா. ‘மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவனுடைய நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்’ என்று நீதிமொழிகள் 16இல் இருக்கிறது. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், சம்பாதிப்போம் என்கிறவர்களை நிறுத்தி, ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சொல்லுங்கள் என்கிறார் யாக்கோபு. நம் அட்டையில் அந்த இரண்டு சொற்களுக்கு ஒரு கட்டம் கூட இல்லை. பவுலுக்கோ திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்போஸ்தலர் 16இல் அவர் ஆசியாவில் வசனம் சொல்ல நினைக்கிறார், தடுக்கப்படுகிறார். பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் பண்ணுகிறார், ஆவியானவர் போகவொட்டாதிருக்கிறார். துரோவாவில் இராத்தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குக் கப்பல் ஏறுகிறார். நம் குருசேகரத்தில் பவுல் அட்டை கொடுத்திருந்தால் ஆசியா, பித்தினியா இரண்டின் மீதும் ஊதா ஸ்டாம்ப் விழுந்திருக்கும். பிலிப்பி சபை பிறந்ததோ அந்த இரண்டு ‘நிறைவேறவில்லை’களுக்குப் பின்னால்தான். ‘இலக்கை நோக்கித் தொடருகிறேன்’ என்று அதே பிலிப்பி சபைக்கு அவர் எழுதிய வசனத்தை நீங்கள் வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி சொல்கிறீர்கள். அதே பகுதியில், தான் இன்னும் அடைந்தாயிற்று என்று நினைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேதாகம காலத்துக்குப் போவானேன், நம் ஊரிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவரும் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவருமான ஐடா ஸ்கடர் மிஷனரியாக வரக் கூடாது என்ற இலக்கோடு இருந்தவர். தாயாரின் உடல்நலக் குறைவினால் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அழைத்தார்கள். மருத்துவராக இருந்த தகப்பனாரை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகு அவர் அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வேலையைத் தொடங்கியதும், 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்ததும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் மிஷனரி ஞாயிறன்று அதை நாடகமாகவும் போடுகிறோம். ஆனால் அந்த நாடகத்தில் நாம் கைதட்டுவது எதற்கு? ஓர் இளம்பெண்ணின் சொந்தத் திட்டம் அடுத்தவரின் தேவை முன்னால் உடைந்து போனதற்கு. அப்படி உடைவதற்கு உங்கள் அட்டையில் வழி இல்லை.

மேரி வர்கீஸ் என்ற பெயரை வாலிபர் பலர் அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று எண்ணியிருந்தவர் அவர். 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். அவர் முயற்சியால் 1966இல் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையத்தை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறோம். மகப்பேறு மருத்துவம் என்று எழுதிய அட்டை நிறைவேறவில்லை. அவருக்கு விசுவாசக் குறைவு என்று எந்த மைக்கில் சொல்லப் போகிறோம்?

உங்கள் தரப்பில் சொல்லப்படுவதை அறிவேன். பத்துப் பேர் முன்னால் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும், மற்றச் சபைகளுக்கு நம் பிள்ளைகள் ஓடிப் போகாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும், பொருத்தனை பண்ணுவது வேதத்தில் உள்ளதுதானே என்கிறீர்கள். பொறுப்புக்குச் சாட்சி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சாட்சியை அந்தப் பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும். அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று கற்றுக் கொடுத்தவரின் ஆலயத்தில், கதவைத் திறந்து வைத்து வாசிக்க வேண்டியது சபைக் கணக்குத்தான், பிள்ளையின் ஜெபம் அல்ல. பொருத்தனையைப் பொறுத்தவரை, வேதத்தில் பிள்ளை வேண்டி அன்னாள் தன் பொருத்தனையைச் செய்தபோது ஆசாரியனாகிய ஏலிக்கு அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அதையும் அவர் குடிவெறி என்று தவறாக நினைத்தார். முன்கூட்டியே தொகை எழுதி வாங்கி ரசீதுப் புத்தகத்தோடு பின்தொடர்வதற்கு அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். போன மார்ச்சில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு, வேலை கிடைத்து முதல் சம்பளம் வருவதற்கு முன்பே நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது.

என் வகுப்பில் நாங்கள் செய்வது சாதாரணமானது. ஒவ்வொருவரும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், நான் அதைப் பார்ப்பதில்லை. உனக்கு என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது, உன்னை நம்பி யார் இருக்கிறார்கள், இதைச் செய்யப் பணமாகவும் நேரமாகவும் என்ன செல்லும், உன்னைத் தவிர வேறு யாருக்கு இதனால் நன்மை, இது கிடைக்காவிட்டால் யாரிடம் போய் அழுவாய் என்று கேட்கிறேன். வேண்டியவர்கள் சத்தமாகப் பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் எழுதி மூடி வைத்துக்கொள்கிறார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆகிறது. இலக்கு மாறினால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று ஒவ்வொரு காலாண்டிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இனி என் வேண்டுகோள்கள். சுற்றறிக்கையை டிசம்பர் இரண்டாம் ஞாயிறுக்குள் திரும்பப் பெற்று, அதை வாசித்த அதே மைக்கில் அறிவிக்க வேண்டும். அட்டைக்கும் வாலிபர் ஐக்கிய வாக்குரிமைக்கும் போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டும். இதுவரை வாங்கிய அட்டைகளை உறையிலிட்டு உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்து, அறிவிப்புப் பலகையிலும் சபை வாட்ஸ்அப் குழுவிலும் இன்னமும் கிடக்கும் பட்டியலை நீக்க வேண்டும். அந்த ரப்பர் ஸ்டாம்பை என்ன செய்வது என்பதை உங்கள் விவேகத்துக்கே விடுகிறேன்.

பொருத்தனைக் கட்டத்தின் வழியாக வந்த தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்ற கணக்கை வரும் சபைக் கூட்டத்தில் வைத்து, அதை மறுதேர்வு எழுதும் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

விழித்திருப்பு ஆராதனையில் இலக்குகளை வாசிப்பதற்குப் பதிலாக, மெதடிஸ்து மரபிலிருந்து தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்து சேர்ந்திருக்கும் உடன்படிக்கை ஆராதனையை ஜனவரி முதல் ஞாயிறன்று நடத்துங்கள். ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கி வைத்த ஆராதனை அது. உமக்கு இஷ்டமான வேலையில் என்னை வையும், பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதில் உண்டு. சம்பளம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வார்த்தைகளைச் சொல்வார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், வாலிபர் தாங்களே தெரிந்துகொள்ளும் மூத்தவர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். அந்த மூத்தவர்கள் மருத்துவர்களாகவும் பேராசிரியர்களாகவும் மட்டும் இருக்க வேண்டாம். பல வருஷம் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்த அம்மா நம் சபையில் இருக்கிறார், காட்பாடி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டும் ஐயா இருக்கிறார், அவர்களையும் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஆயர் ஐயாவும் செயலாளரும் இந்த ஆண்டு முடிவதற்குள் சத்துவாச்சாரியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் சென்று வருத்தம் தெரிவிக்க வேண்டும். போட்டோ எடுக்கிறவரைக் கூட்டிப் போக வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், அந்தத் தாய் வேலைக்குப் போகிறவர்.

பதிலை எழுத்து மூலம் தர வேண்டுகிறேன். என் வகுப்புக்கென்று கொடுத்தனுப்பிய அட்டைக் கட்டைப் பிரிக்காமலே செயலாளரிடம் திருப்பி ஒப்படைத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த வகுப்பு ஆசிரியை,
ஓய்வுநாள் பள்ளி, வேலூர்